நடுவில் மூடியிருப்பது எது? இழுவை இயந்திரத்தின் எண்ணெய் மடைகளும் அவற்றின் பெயர்களும்



இலக்கணமும் கல்வெட்டும் காப்பியமும் பேசப்பெறும் மேடை இது. இம்மேடையின்மீது எண்ணெய்க் கறை படிந்த இரும்புக் கட்டி ஒன்றை இன்று கொண்டுவந்து வைத்திருக்கிறோம். மேசை விரிப்பு அழுக்காகாமலிருக்க அதன் கீழே நாளிதழ் ஒன்றை விரித்திருக்கிறோம். இந்தக் கட்டியைப் பற்றியும், அதற்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்பதைப் பற்றியுமே பேச வந்துள்ளோம். 'நாங்கள்' என்பது மேடை வழக்கு அன்று. இவ்வுரையை எழுதியவர் இருவர். தென் கெடாவில் தோட்ட இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்றைச் சேர்ந்து நடத்துகிறோம். எங்களில் ஒருவருக்குப் பேச வராது. ஆதலால் மற்றவர் படிக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றும் சிறு இழுவை இயந்திரம் இருந்தது. இரும்புக் கவ்வி பூட்டிய நீண்ட கை ஒன்று அதற்கு உண்டு. ஓட்டுநர் நெம்புகோலை முன்னே தள்ளினால் கை இறங்கும். பின்னே இழுத்தால் ஏறும். நடுவில் விட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் அது நிற்கவில்லை; குலையைக் கவ்வியபடியே மெல்ல மெல்லக் கீழே தாழ்ந்தது. மடைக் கட்டி தேய்ந்துவிட்டது என்று கண்டு, புதியது வாங்கப் போனோம். கடையில் இரண்டு வகை இருந்தன. விலையில் பெரிய வேறுபாடில்லை. ஒன்று 'ஓப்பன் சென்டர்', மற்றது 'குளோஸ்ட் சென்டர்'. "குளோஸ்ட் எடுங்க, நடுவுல மூடிக்கும், கை இறங்காது" என்றார் கடைக்காரர். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. மூடியது ஒழுகாது, திறந்தது ஒழுகும். தமிழ் அறிந்த எவர்க்கும் அப்படித்தானே தோன்றும்?

மறுநாள் காலை பூட்டிக் கொடுத்தோம். சிறிது நேரத்தில் ஓட்டுநர் சொன்னார்: "தம்பி, நடுவுல வச்சாலும் இன்ஜின் முக்குதே." நாங்கள் சொன்ன மறுமொழியை இன்று நினைத்தாலும் கூசுகிறது: "புதுசுண்ணே, ஓட ஓடச் சரியாயிடும்." முற்பகல் முடிவதற்குள் மடைக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் வெடித்தது. கொதிக்கும் எண்ணெய் அவருடைய இடது முன்கையில் தெறித்தது. மருத்துவமனையில் சில நாள், வீட்டில் சில வாரம். வடு இன்றும் இருக்கிறது. அவரைப் பார்க்கச் சென்றபோது எங்களைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நடுவுல மூடியிருக்குன்னீங்களே, எது மூடியிருந்துச்சு?"

இந்த உரை அக்கேள்விக்கு நாங்கள் காலந்தாழ்த்திச் சொல்லும் விடை.

முதலில் 'இழுவை' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது. இலங்கைத் தமிழர் 'உழவு இயந்திரம்' என்பர். தமிழ்நாட்டில் 'டிராக்டர்' என்றே சொல்வர். நம் தோட்டங்களில் அது உழுவதில்லை. இழுக்கிறது, தூக்குகிறது, கவிழ்க்கிறது. ஆகவே இவ்வுரையில் இழுவை என்கிறோம். கெடாவின் மூடா சமவெளியில் அது உழவும் செய்கிறது. 1885 இல் தோண்டத் தொடங்கிய வான் மாட் சமான் கால்வாய் பாயும் நிலத்தில், மூடா, பெடு அணைகளின் நீர் வந்து 1970 முதல் ஆண்டுக்கு இருபோகம் விளையத் தொடங்கியது. ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையே உழவுக்குக் கிடைத்த நாள் சுருங்கிற்று. எருமைகள் ஒதுங்கி இழுவைகள் வந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். பினாங்குப் பாலத்தைக் கடந்து செபராங் பிறைக்குள் நுழைந்தால் இன்றும் வயல்களைக் காணலாம்.

இனி எண்ணெய். அடைத்த பாத்திரத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டார். 1795 இல் ஜோசப் பிரமா அதைக்கொண்டு அழுத்தப் பொறி செய்து உரிமம் பெற்றார். சிறிய பிஸ்டனை ஒருவர் தள்ள, பெரிய பிஸ்டன் யானைப் பாரத்தைத் தூக்கும். இழுவையில் நீருக்கு மாற்றாக எண்ணெய். தள்ளும் கைக்கு மாற்றாக இயந்திரத்தால் சுழலும் எக்கி, அதாவது பம்பு. எக்கிக்கும் பாரம் தூக்கும் உருளைக்கும் இடையே நிற்பதுதான் இந்த இரும்புக் கட்டி.

இதனை 'வால்வு' என்பது உலகவழக்கு. மலாய்ப் பாடநூல்களில் 'இஞ்சாப்' என்பர். தமிழில் 'தடுக்கிதழ்' என்றொரு சொல் உண்டு. இதயத்தில் இருப்பதற்கு அது அழகாகப் பொருந்தும், அங்கே மெய்யாகவே இதழ் உண்டு. இக்கட்டிக்குள் இதழ் எதுவும் இல்லை. துளையிட்ட இரும்புக்குள் வழவழப்பாகக் கடைந்த தண்டொன்று முன்னும் பின்னும் நகர்கிறது. தண்டில் மேடும் பள்ளமும் மாறி மாறி வெட்டப்பட்டிருக்கும். மேடு வந்து நின்ற வழி அடைபடும். பள்ளம் வந்து நின்ற வழி திறக்கும். அவ்வளவே. தண்டுக்கும் துளைச் சுவருக்கும் உள்ள இடைவெளி ஒரு சில மைக்ரான். தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு என்று கொள்ளலாம். வயலில் ஒரு பாத்திக்குப் பாயும் நீரை மறுபாத்திக்குத் திருப்புவதை நம் உழவர் மடை மாற்றுதல் என்பர். இத்தண்டு செய்வதும் அதுவே. ஆகவே இதனை மடை என்றே சொல்கிறோம். தண்டு, மடைத்தண்டு.

இம்மடைக்குக் குறைந்தது நான்கு வாய்கள் உண்டு. எக்கியிலிருந்து எண்ணெய் வரும் வாய் ஒன்று. தொட்டிக்குத் திரும்பும் வாய் ஒன்று. உருளையின் இரு பக்கத்துக்கும் போகும் வாய்கள் இரண்டு. நெம்புகோலைப் பின்னே இழுத்தால் எக்கி வாய் உருளையின் ஒரு பக்கத்தோடு சேரும், மறுபக்க எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், கை ஏறும். முன்னே தள்ளினால் நேர்மாறு. இவ்வளவும் எல்லா மடைக்கும் பொது. வேறுபாடு நடுவில்தான் இருக்கிறது. ஒருவரும் நெம்புகோலைத் தொடாதபோது, வேலையே இல்லாதபோது, எக்கி தள்ளிக்கொண்டே இருக்கும் எண்ணெய் எங்கே போகிறது?

எங்கள் பகுதியின் சிறு இழுவைகள் அனைத்திலும் இருப்பது பற்சக்கர எக்கி என்றே சொல்லிவிடலாம். இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று கவ்விச் சுழன்று, பல்லிடை எண்ணெயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளும். அதற்கு 'போதும்' என்ற சொல் தெரியாது. ஒரு சுற்றுக்கு 15 கன சென்டிமீட்டர் தள்ளும் எக்கி, நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் 30 லிட்டர் தள்ளியே தீரும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 30 லிட்டர். அந்த எண்ணெய்க்கு எப்போதும் ஒரு வழி வேண்டும். எனவே இவ்வகை இழுவைக்கான மடையில், நடுநிலையில் எக்கி வாயிலிருந்து தொட்டி வாய்க்கு ஒரு நேர்வழி திறந்திருக்கும். எண்ணெய் உள்ளே வந்து, தண்டின் பள்ளங்களைக் கடந்து, தொட்டிக்குப் போய்விடும். அழுத்தம் மிகக் குறைவு. சில பார் அளவே. எக்கி சுழல்கிறது, எண்ணெய் ஓடுகிறது, இயந்திரத்துக்குச் சுமையே தெரியாது. நெம்புகோலை நகர்த்தியதும் தண்டின் மேடு அந்நேர்வழியை அடைத்துக்கொண்டு வர, எண்ணெய் உருளையை நோக்கித் திரும்புகிறது. பாரம் எவ்வளவோ அவ்வளவுக்கே அழுத்தம் ஏறும். இதனையே ஆங்கிலத்தார் 'ஓப்பன் சென்டர்' என்றனர்.

மற்ற வகையில் எக்கியே வேறு. அது தள்ளும் அளவைத் தானே கூட்டவும் குறைக்கவும் வல்லது. நடுநிலையில் மடை எக்கி வாயை முற்றாக அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் ஏறுகிறது, வரையறுத்த அளவை எட்டியதும் எக்கி தன் பிஸ்டன்களின் வீச்சைக் குறைத்துக்கொள்கிறது. தள்ளும் எண்ணெய், கசிவை ஈடுசெய்யும் சிறிதளவே. அழுத்தம் மட்டும் குழாயில் நின்றுகொண்டிருக்கும். நெம்புகோலைத் தொட்ட நொடியில் அது பாயும். 1960 இல் ஜான் டீர் நிறுவனம் வெளியிட்ட 3010, 4010 இழுவைகள் இம்முறையை அமெரிக்க வயல்களில் பரப்பின. திருப்பும் சக்கரம், நிறுத்துகட்டை, கலப்பை தூக்கி ஆகிய அனைத்துக்கும் ஒரே எக்கி; ஏறத்தாழ 155 பார் அழுத்தம் எந்நேரமும் காத்திருக்கும். பல வேலைகளை ஒருங்கே செய்யும் பெரிய இழுவைக்கு இது சிறப்பு. இதுவே 'குளோஸ்ட் சென்டர்'. இன்றைய பெரிய இழுவைகளில் பாரத்தின் அளவை எக்கிக்கு ஒரு மெல்லிய குழாய்வழி அறிவித்து, வேண்டிய அழுத்தத்துக்குச் சற்று மேலாக மட்டும் தள்ளச் செய்யும் சுமையுணர் முறையும் உண்டு. அது இதன் வளர்ச்சி, இங்கே விரிக்கவில்லை.

ஏரிப் பாசனத்தை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஆற்றுக் கால்வாய் ஒன்று ஊரைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. வேண்டும்போது குறுக்கே மண் வெட்டிப் போட்டு வயலுக்குத் திருப்புகிறோம். வேண்டாதபோது விலக்கிவிட்டால் நீர் தன் வழியே போகும். இது முதல் வகை. ஏரியில் நீர் தேங்கி நிற்கிறது. மதகைத் திறந்தால் பாயும், மூடினால் நிற்கும். இது இரண்டாம் வகை. கால்வாயின் குறுக்கே ஏரி மதகைக் கட்டி மூடினால் என்ன ஆகும்? நீர் கரையேறி உடைத்துக்கொண்டு போகும். நாங்கள் செய்தது அதுதான்.

ஏரி நிரம்பி வழியாமல் காக்கக் கலிங்கு உண்டல்லவா? இழுவையிலும் கலிங்கு உண்டு. வில்லொன்று அழுத்திப் பிடித்த சிறு அடைப்பான். அழுத்தம் எல்லை மீறினால் அது தூக்கிக்கொண்டு எண்ணெயைத் தொட்டிக்கு விடும். அன்று குழாய் முதல் நொடியிலேயே வெடிக்காமல் இருந்ததற்கு அக்கலிங்கே காரணம். ஆனால் கலிங்கு என்பது எப்போதாவது பெருமழைக்கு வழிவதற்கானது. எந்நேரமும் ஆறு ஓடுவதற்கானது அன்று. எங்கள் மடை நடுநிலையில் எக்கி வாயை அடைத்ததால் எண்ணெய் முழுவதும் கலிங்கின் வழியே பிதுங்கியது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அழுத்தம் 160 பார், ஓட்டம் நிமிடத்துக்கு 30 லிட்டர். இரண்டையும் பெருக்கி 600 ஆல் வகுத்தால் 8 கிலோவாட். வேலை எதுவும் நடக்காததால் அந்த 8 கிலோவாட்டும் வெப்பமாகிறது. இரண்டு கிலோவாட் மின் கெட்டில்கள் நான்கை எண்ணெய்க்குள் போட்டு வைத்ததற்கு ஒப்பு. 30 லிட்டர் எண்ணெயின் வெப்பநிலை, வெளியேற வழியில்லையெனில், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பாகை ஏறும். சுற்றியுள்ள இரும்பும் காற்றும் ஓரளவு வாங்கிக்கொள்வதால் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. 25 குதிரைத்திறன் இயந்திரத்தின் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இப்படிச் சும்மா எரிந்தது. 'இன்ஜின் முக்குதே' என்று ஓட்டுநர் சொன்னது இதைத்தான். அவர் காது சரியாகக் கேட்டது. எங்களிடம் அதைப் புரிந்துகொள்ளும் சொல் இல்லை.

ஏன் இல்லை என்பதே இம்மன்றத்தில் பேசத்தக்கது. 'நடுவில் மூடியது' என்றபோது நாங்கள் நினைத்தது உருளைக்குப் போகும் வாய்களை. அவை இரு வகை மடையிலும் நடுநிலையில் மூடியேதான் இருக்கும். மூடாவிட்டால் தூக்கிய பாரம் கீழே விழும். கை மெல்ல இறங்கியதற்குக் காரணம் தண்டின் தேய்வு. அதற்கும் நடு மூடியிருப்பதற்கும் தொடர்பே இல்லை. மூடியிருந்தது எக்கியின் வாய். பெயர் அதைச் சொல்லவில்லை. 'மூடிய நடு' என்று அச்சாக மொழிபெயர்த்த தமிழ்ப்பெயரும் அதைச் சொல்லாது. எது மூடியது, யாருக்கு மூடியது என்னும் கேள்வி அப்படியே நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரியும் அன்பர்களுக்கு உடனே விளங்கும். 1972 இல் அத்தொழிற்பேட்டை தொடங்கிய நாள் முதல் இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் மின்னணு ஆலையில் வேலை பார்த்தவர். அவர்களிடம் 'ஓப்பன்' என்று சொல்லிப் பாருங்கள். இணைப்பு அறுந்தது, மின் ஓடாது என்பார்கள். மின்சுற்றில் திறந்தது என்றால் ஓட்டம் நின்றது. மூடியது என்றால் ஓட்டம் நடக்கிறது. எண்ணெய் மடையில் திறந்தது என்றால் ஓட்டம் நடக்கிறது; மூடியது என்றால் நின்றது. ஒரே சொல்லிணை, நேரெதிர்ப் பொருள். இரண்டையும் தமிழில் 'திறந்த', 'மூடிய' என்றே பெயர்த்து வைத்தால், பகலில் ஆலையில் வேலை பார்த்து, வார இறுதியில் அண்ணனின் தோட்டத்து இழுவையைத் திறந்து பார்க்கும் இளைஞன் என்ன செய்வான்?

ஆங்கிலத்தாரே தமக்குள் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலை இயந்திரத் துறையில் 'ஓப்பன் சென்டர்' என்றால் நான்கு வாய்களும் நடுவில் ஒன்றோடொன்று கலந்திருப்பது. எக்கியும் தொட்டியும் மட்டும் கலந்து, உருளை வாய்கள் மூடியிருப்பதற்கு அவர்கள் 'டாண்டம்' என்று வேறு பெயர் வைத்துள்ளனர். இழுவைத் துறையோ அந்த டாண்டத்தையே 'ஓப்பன்' என்கிறது. ஒரு துறையின் விலைப்பட்டியலைப் பார்த்து மறு துறையின் மடையை வாங்கியவர் தூக்கிய பாரத்தை நடுநிலையில் விட்டால், அது தொப்பென்று இறங்கும்.

இங்கே நம் முன்னோர் ஏரிக்குள் வைத்த பெயர்கள் எங்களுக்கு வழிகாட்டின. தமிழ்நாட்டின் பழைய ஏரிகளில் குமிழித்தூம்பு என்றொரு மடை உண்டு. புதுக்கோட்டைப் பகுதியில் கல்வெட்டோடு கூடியவை பல. கரையிலிருந்து தள்ளி, நீருக்குள் இரு கற்றூண்களுக்கு நடுவே ஒரு தொட்டி. அதன் மேல்மூடியில் ஒரு துளை. அத்துளையைக் கல்லால் ஆன குமிழி அடைத்திருக்கும். குமிழியைத் தூக்கினால் நீர் இறங்கிச் சுருங்கை வழியே வயலுக்குப் போகும். தொட்டியின் அடியில் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே சேறு வெளியேறும். மேல்துளைக்கு நீரோடித் துளை என்று பெயர். கீழ்த்துளைகளுக்குச் சேறோடித் துளை என்று பெயர். திறந்த துளை, மூடிய துளை என்று பெயரிடவில்லை. எது ஓடுகிறது என்று பெயரிட்டார்கள். பெயரைக் கேட்டவனுக்கு அதன் வேலை தெரியும். பழமையைப் புகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை; அந்தப் பெயர் முறை பட்டறைக்குப் பயன்படுகிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆகவே எங்கள் பட்டறையில் முதல் வகையை 'ஓடுநடு' என்றும் இரண்டாம் வகையை 'தேக்குநடு' என்றும் சொல்லத் தொடங்கினோம். நடுவில் எண்ணெய் ஓடுவது ஓடுநடு; நடுவில் அழுத்தம் தேங்குவது தேக்குநடு. எக்கிக்கும் அப்படியே. ஓடும் எக்கிக்கு ஓடுநடு மடை. தேக்கும் எக்கிக்குத் தேக்குநடு மடை. மாற்றிப் போட்டால் என்னவாகும் என்பதைப் பெயரிலிருந்தே ஊகிக்கலாம். ஓடும் எக்கிக்குத் தேக்குநடு பூட்டினால் எங்கள் கதை. தேக்கும் எக்கிக்கு ஓடுநடு பூட்டினால் மறுவகைக் கேடு: எக்கி எவ்வளவு தள்ளினாலும் அழுத்தம் தேங்காது, முழு வீச்சில் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், அதே எக்கியை நம்பியுள்ள திருப்பும் சக்கரத்துக்கும் நிறுத்துகட்டைக்கும் எண்ணெய் போதாமல் போகும். சரிவில் அது நேர்ந்தால் கையில் வடுவோடு முடியாது.

சொற்களை வைத்துக்கொண்ட பின் வேறு சிலவும் எளிதாயின. கவ்வியோடு, பின்னால் பூட்டிய தூக்கி கவிழ்க்கும் வண்டிக்கும் மடை வேண்டும் என்று தோட்டத்தார் கேட்பர். ஓடுநடு முறையில் இரண்டாம் மடையை முதல் மடையின் தொட்டி வாயோடு இணைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. அவ்வாய் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதன்று. இரண்டாம் மடை வேலை செய்யும்போது முதல் மடையின் முதுகில் முழு அழுத்தமும் ஏறி, அதன் அடைப்பு வளையங்களைப் பிதுக்கிவிடும். ஓடும் எண்ணெய்க்கு ஒரு வழியும், உருளையிலிருந்து திரும்பும் எண்ணெய்க்கு வேறொரு வழியும் பிரித்து, ஓடும் எண்ணெயை மட்டும் அடுத்த மடைக்கு அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு செருகுகுழல் விற்கிறார்கள். கடையில் 'பவர் பியாண்ட்' என்று கேட்க வேண்டும். நாங்கள் 'தொடரோடி' என்கிறோம். இப்பெயர் எங்களுக்கே முழு நிறைவாக இல்லை. இதைவிட நல்லது அவையிலுள்ள புலவர்கள் தந்தால் ஏற்போம்.

இவ்விரு வகைக்குள் அடங்காத மூன்றாவது ஒன்றும் நம் தோட்டங்களில் ஓடியதுண்டு. ஐரிஷ்காரரான ஹாரி பெர்குசன் 1926 இல் உரிமம் பெற்ற எண்ணெய்த் தூக்கி முறை, 1939 இல் ஃபோர்டோடு சேர்ந்து வெளியிட்ட இழுவையிலும், பின்னர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரியில் ஐந்து இலட்சத்துக்கு மேல் உருவான சாம்பல்நிறச் சிறு பெர்குசனிலும் அமைந்தது. அவர் மடையை எக்கிக்குப் பின் வைக்கவில்லை, முன் வைத்தார். எக்கி உறிஞ்சும் வாயை அடைத்துவிட்டால் எக்கி வெறுமனே ஆடும். தள்ள எண்ணெய் இராது. நடுவில் ஓட்டமும் இல்லை, தேக்கமும் இல்லை. எங்கள் சொற்களில் இது எங்கே சேரும் என்று நெடுநாள் வாதிட்டோம். எதிலும் சேராது என்பதே விடை. பின்வந்த மாசி பெர்குசன் சிற்றிழுவைகளிலும் இம்முறை தொடர்ந்தது. 1960 இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் அந்நிறுவனத்தின் கூட்டோடுதான் இழுவை செய்யத் தொடங்கியது. பழைய பெர்குசன் ஒன்றில் கவ்வியைப் பூட்ட விழைபவர் முதலில் இதை அறிந்துகொள்ள வேண்டும். அதன் எண்ணெயைத் தூக்கியிடமிருந்து தனியே பிரித்தெடுத்தாலன்றி எந்த மடையும் பயன்படாது.

"கடையில் ஓடுநடு என்று கேட்டால் கொடுப்பார்களா?" என்று எங்களைக் கேட்டவர் உண்டு. கொடுக்க மாட்டார்கள். பெட்டியின்மேல் ஆங்கிலமோ சீனமோதான் இருக்கும். ஆதலால் 'ஓப்பன் சென்டர்' என்னும் சொல்லையும் எங்களிடம் பயில வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். வாங்குவதற்கு ஒரு சொல், விளங்கிக்கொள்வதற்கு ஒரு சொல். வாங்குவதற்கான சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பூட்டியதன் விளைவை ஓட்டுநரின் கையில் பார்த்துவிட்டோம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று தோட்டங்களில் இழுவை ஓட்டுபவரிற் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். தமிழ்ச் சொல் அவர்களுக்கு உதவாது. 1994 ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் வேலை செய்வோர்க்குத் தகவலும் பயிற்சியும் தரும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. தகவல் என்பது தாளா, விளக்கமா என்பதை அவரவர் மனச்சான்று சொல்லட்டும். எங்கள் அளவில், மடைக்கட்டியின் பக்கத்தில் வெள்ளை வண்ணத்தால் ஓர் அம்புக்குறி வரைகிறோம். ஓடுநடு என்றால் உள்ளே வந்து வெளியே போகும் அம்பு. தேக்குநடு என்றால் முட்டி நிற்கும் அம்பு. அதற்கு மொழி வேண்டாம்.

அழுத்தம் பற்றி எச்சரிக்கை ஒன்று. தலைப்போடு நேர்த்தொடர்பு இல்லையெனினும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குழாயில் ஊசித்துளை அளவு கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அவ்வழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். முதலில் சிறு புள்ளிதான் தெரியும், வலியும் அவ்வளவாக இராது. ஆனால் உள்ளே தசை அழுகத் தொடங்கும்; சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விரலோ கையோ இழக்க நேரும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கையை நீட்டாதீர்கள். மருத்துவமனையில் 'காயம்' என்று சொல்லாமல் 'அழுத்த எண்ணெய் உள்ளே போய்விட்டது' என்று சொல்லுங்கள்.

இறுதியாக, எந்த இழுவை எந்த வகை என்று அறிவது எப்படி என்பது. எக்கியிலிருந்து வரும் குழாயில் அழுத்தமானியைப் பூட்டி, நெம்புகோலை நடுவில் விட்டு, இயந்திரத்தை ஓட்டுங்கள். முள் சில பார் அளவில் கிடந்தால் ஓடுநடு. நூற்றுக்கு மேல் நின்றால் தேக்குநடு. புதிய மடையை அறிவது அதைவிட எளிது. நெம்புகோலை நடுவில் வைத்து, எக்கி வாயில் உதடு வைத்து ஊதுங்கள். தொட்டி வாயில் காற்று வந்தால் ஓடுநடு; வராவிட்டால் தேக்குநடு. பெட்டியின்மேல் என்ன எழுதியிருந்தாலும் ஊதிப் பாருங்கள். சில மடைகளில் சுண்டுவிரல் அளவுத் திருகாணி ஒன்றை மாற்றினால் ஒரு வகை மற்றதாகிவிடும். திரும்பி வந்த சரக்கில் அது எப்படி இருக்கிறதென்று எழுத்து சொல்லாது.

மேசைமேல் இருப்பது அன்று நாங்கள் பூட்டிய அதே மடை. நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறோம். அருகில் ஓடுநடு மடை ஒன்றும் இருக்கிறது. அந்த ஓட்டுநர் அண்ணனும் இன்று வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். மேடைக்கு வர மறுத்துவிட்டார். தேநீருக்குமுன் விரும்புவோர் வந்து இரண்டையும் ஊதிப் பார்க்கலாம். வாய் துடைக்கத் துணி வைத்திருக்கிறோம்.